கரைக்கடலில் இழுவைமடியைத் தடுக்கவும், மடிக்கண்ணியைத் துறையிலேயே அளக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
நாட்டுப்படகு மீனவர்கள்,
பாக் விரிகுடாக் கரையோரக் கிராமங்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983 மற்றும் அதன் விதிகளை நடைமுறைப்படுத்துதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும். கடலடியில் இழுத்து மீனை வாரும் பை வலையான இழுவைமடியின் கண்ணி (வலைத்துளை) 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி கூடவே கூடாது. புது விதி எதையும் நாங்கள் கேட்கவில்லை. இருப்பதைச் சோதிக்கும் இடத்தையும் நேரத்தையும் மாற்றித் தந்தால் போதும்.

நண்டு வலையை மாலையில் தரையோடு படிய விட்டு விடியற்காலையில் எடுப்போம். இறால் பகலில் சேற்றில் புதைந்து கிடந்து இரவில் வெளியே வரும். அதற்காகவே கரை திரும்பும் சில விசைப்படகுகள் கடைசி இழுப்பை இருட்டில் கரைக்கடலில் போடுகின்றன. மடியின் வாயை விரித்துவைக்கும் இழுவைப் பலகை எங்கள் வலையின் மேல்கயிற்றில் மாட்டியதும் கொடிக்கம்பும் மிதவையும் அறுந்துவிடும். அறுந்த வலை தரையில் கிடந்து நண்டையும் மீனையும் கொன்றுகொண்டே இருக்கும். புகார் கொடுக்கப் படகு எண் கேட்கிறார்கள். வலை போட்டவர் கரையில் இருக்கும் நேரத்தில், விளக்கணைத்துப் போன படகின் எண்ணை யார் பார்ப்பது?

படகு இருக்கும் இடத்தைக் கரைக்குத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்திய படகு என்றால் அதன் தடமே எண்ணைச் சொல்லிவிடும். 5 மைலுக்குள் வந்தது மட்டும் குற்றமாகாது, துறைக்கு வந்துதானே ஆக வேண்டும். வேகத்தைப் பார்க்க வேண்டும். மடி இழுக்கும் படகு மணிக்கு 2 முதல் 4 கடல் மைல்தான் நகரும். வெறுமனே வரும் படகு ஏறக்குறைய இருமடங்கு ஓடும். ஆகவே எண் இல்லாத புகாரையும் பதிவு செய்ய வேண்டுகிறோம். வலை கிடந்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு, போட்ட நேரம், எடுத்த நேரம் ஆகியவற்றை நாங்கள் தருகிறோம். அந்த இடத்தில் ஊர்ந்த தடம் இருந்தாலோ, நடுவில் சிக்னல் அறுந்திருந்தாலோ, கடலுக்குப் போக அடுத்த டோக்கன் (அனுமதிச் சீட்டு) கொடுக்கும் முன் உரிமையாளரிடம் விளக்கம் பெற வேண்டும்.

அடுத்தது மடி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு ஆய்வு நடக்கிறது. அன்று காட்டும் மடி வேறு, கடலுக்குப் போகும் மடி வேறு. வெளியே 40 மி.மீ. கண்ணி, உள்ளே சின்னக் கண்ணியில் ஓர் உள்மடி. சாய்சதுரக் கண்ணியோ பாரம் ஏறியதும் இறுகி மூடிக்கொள்ளும். சதுரக் கண்ணி திறந்தே நிற்பதால் குஞ்சு தப்பும். சங்காயக் (கழிவு மீன்) கூடையில் விரல் நீளக் குஞ்சுகள் குவிந்திருந்தால் எந்த மடி போனது என்று கேட்கவே வேண்டாம்.

எனவே விசைப்படகு நாட்களான திங்கள், புதன், சனியில், டோக்கன் கொடுக்கும்போதே முன்னறிவிப்பின்றிச் சில படகுகளைச் சோதிக்க வேண்டும். மடியின் வால்முனையை நனைத்து, ஆப்பு வடிவ அளவுகோலால் அடுத்தடுத்து 20 கண்ணிகளை அளக்கலாம். உள்மடி இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்க்கலாம். ரோந்துப் படகில் துரத்தும் டீசலும் மிச்சம்.

மீன்வளத்துறைக்கு இதற்கான உத்தரவு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு மீனவர்கள்