தெரு முழுவதும் ஒரே நாளில் உண்ணி, தெள்ளுப்பூச்சி ஒழிப்பு முகாம் நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
கண்மாய்க்கரைத் தெரு மக்கள்,
அலங்காநல்லூர் ஊராட்சி ஒன்றியம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

பொருள்: கால்நடை, சுகாதாரம், ஊராட்சி ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்து உண்ணி ஒழிப்பு முகாம் நடத்த வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

எங்கள் தெருவில் 40 வீடுகள். ஆடோ மாடோ கட்டாத வீடு இல்லை. நாய் இல்லாத வீடு நாலைந்துதான். சித்திரை பிறந்ததிலிருந்து உண்ணியோடும் தெள்ளுப்பூச்சியோடும் நாங்கள் படும் பாட்டைத் தங்களிடம் சொல்லவே இந்த மனு.

இதை எழுதும் என் வீட்டில் ஆறு வருடம் வளர்ந்த சிப்பிப்பாறை நாய் ஆனி மாதம் செத்துப்போனது. நாலு நாள் காய்ச்சல். கஞ்சியை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஈறு வெளுத்து, கடைசியில் மூக்கில் ரத்தம் வந்தது. உண்ணி கடித்து ரத்தத்தில் பரவிய நோய் என்றார் கால்நடை மருத்துவர். அதற்கு முன் வாராவாரம் உண்ணி பிடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். பிடுங்கியதைக் காட்டிலும் அதிகமாக மறுவாரம் ஏறியிருக்கும்.

ஏன் என்று அவர் சொல்லித்தான் விளங்கியது. நாய் உடம்பில் நம் கண்ணில் படுவது கொஞ்சம். ரத்தம் குடித்துக் கொட்டமுத்து போல ஊதிய பெண் உண்ணி, கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் ஓட்டுச் சந்திலும் புகுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகிறது. பொரித்து வருபவை மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் பிழைக்கும். தெள்ளின் முட்டையும் உதிர்ந்து, சாக்கிலும் மண்தரையிலும் புழுவாகிக் கூடு கட்டிக் கிடக்கும். ஒரு வீட்டில் மட்டும் மருந்து வைத்தால் பக்கத்து வீட்டிலிருந்து மறுபடி வந்துவிடுகிறது. அதனால்தான் ஒரே நாள் என்று கேட்கிறோம்.

மருந்து விஷயத்திலும் தெரியாமல் செய்து இழந்திருக்கிறோம். ஒருவர் நெல்லுக்கு அடிக்கும் மருந்தை ஆட்டின் மேல் ஊற்றியதில் இரண்டு குட்டிகள் போயின. இன்னொரு வீட்டில் நாய்க்கு வாங்கியதைப் பூனைக்கும் தடவ, அது இழுத்து இழுத்துச் செத்தது. நாய் மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது ஒன்று. போன மழைக்காலத்தில் எங்கள் தெருச் சிறுமிக்குப் பத்து நாள் விடாத காய்ச்சல். அக்குளில் பீடியால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஸ்கிரப் டைபஸ் என்று கண்டறிந்து டாக்ஸிசைக்ளின் கொடுத்ததும் மூன்றே நாளில் எழுந்து உட்கார்ந்தாள். அதற்கு 'உண்ணிக் காய்ச்சல்' என்று பேர் இருப்பதால், நாய் உண்ணிதான் காரணம் என்று பயந்து, நாலு நாய்களைச் சாக்கில் கட்டிக் கண்மாய்க்கு அப்பால் விட்டுவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் வருவதோ, புதரில் எலிகளை அண்டி வாழும், கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத வேறொரு சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதால். நாய் உண்ணியாலும் மனிதருக்குக் காய்ச்சல் வரலாம்; அது வேறு நோய். நாயை விரட்டினோம், அங்கன்வாடிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நிற்கும் சீமைக்கருவேலத்தையும் புல்லையும் அப்படியே விட்டுவிட்டோம்.

ஆகவே ஐப்பசி மழைக்கு முன்பாக, கால்நடை மருத்துவர் எங்கள் தெருவின் நாய், ஆடு, மாடு அனைத்துக்கும் எடைக்கேற்ற மருந்து வைக்கவும், அதே நாளில் ஊராட்சி மூலம் தொழுவங்களிலும் சுவர் விரிசல்களிலும் மருந்து தெளிக்கவும், அந்தப் புதரை வெட்டவும் உத்தரவிட வேண்டுகிறோம். முட்டையிலிருந்து பிறகு வருபவை தப்பிவிடும் என்பதால், மருத்துவர் குறிக்கும் நாளில் இரண்டாம் முறையும் செய்ய வேண்டும். ஒரு மாடு நோவில் விழுந்தால் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைக்கலாம்; ஆனால் தெரு முழுவதற்கும் முகாம்தான் வழி. மூன்று துறைகளையும் ஒன்றாக வரச் சொல்லத் தங்களால்தான் முடியும் என்பதால் தங்களிடம் வருகிறோம்.

முகாமுக்குக் கிராமச் சுகாதாரச் செவிலியரும் வந்து, கறுப்புப் பொருக்கு எப்படி இருக்கும் என்று படத்தோடு தாய்மார்களுக்குக் காட்ட வேண்டும். எட்டுக் காலோடு ஒட்டிக் கிடப்பது உண்ணி, ஆறு காலோடு தாவுவது தெள்ளு என்பதையும், நாயைச் சீப்பால் வாரும்போது உதிரும் கரும்பொடி ஈரத் துணியில் சிவந்தால் அது தெள்ளின் எச்சம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். உண்ணி மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதையும் பத்தியால் சுடுவதையும் நிறுத்தி, தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போடும் முறையை ஒருமுறை செய்து காட்டினால் போதும், பிடித்துக்கொள்வோம்.

விரிசல்களைப் பூசிச் சுண்ணாம்பு அடிக்கும் வேலையை நாங்களே செய்கிறோம். முகாம் தேதியை ஒரு வாரம் முன்பே சொன்னால், அன்று யாரும் வேலைக்குப் போகாமல், மேய்ச்சலுக்கும் ஓட்டாமல், அத்தனை கால்நடைகளையும் கட்டி வைத்துக் காத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கண்மாய்க்கரைத் தெரு மக்கள் சார்பாக, ஆடு வளர்க்கும் ஒரு தாய்.

இணைப்பு: 40 வீட்டாரின் கையொப்பம், வீடுவாரியாகக் கால்நடை, நாய், பூனை எண்ணிக்கை.