மேசையடியில் சிந்திய துகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கலிஃபோர்னியாவின் 'ஸ்கைலைன் டு த சீ' நடைபாதை பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். 1969-இல் தொண்டர்கள் திரண்டு வந்து மண்வெட்டி பிடித்து உருவாக்கிய பாதை அது. அதைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைத்ததே மகிழ்ச்சி. ஆனால் கூடவே போட்டிருந்த படம் மனதை உறுத்துகிறது. நீட்டிய உள்ளங்கையில் முந்திரி, அதைக் கொத்தும் நீலப் பறவை. கட்டுரையைப் படித்துவிட்டுப் போகிறவர்களும் கையை நீட்டுவார்கள்.

நானும் நீட்டியவள்தான். 2018 ஏப்ரலில் மகளோடு பிக் பேசின் பூங்காவிலிருந்து வாடெல் கடற்கரை வரை, பாதையின் கடைசிப் பகுதியை ஒரே நாளில் நடந்தேன். கிளம்பும் முன் மரத்தடி மேசையில் உட்கார்ந்து சப்பாத்திப் பொட்டலத்தைப் பிரித்ததுமே கறுப்புக் கொண்டையும் நீல உடம்புமாக ஒரு பறவை மேசை விளிம்புக்கு வந்துவிட்டது. அதன் பெயர் ஸ்டெல்லர் ஜே. காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டே பழகிய கை, ஒரு துண்டைப் பிய்த்துப் போட்டது. அங்கே பணியில் இருந்த பெண் வனக்காவலர் ஒன்றும் சொல்லாமல் வந்து குனிந்து, மேசையடியில் சிந்திய துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அப்புறம்தான் மேலே கிளைகளைக் காட்டிப் பேசினார்.

மர்ரலெட் என்றொரு சிறிய கடற்பறவை. மீன் பிடிப்பதும் தூங்குவதும் கடலில். முட்டையிட மட்டும் காட்டுக்குள் வருகிறது. கூடு கட்டுவதில்லை, பழைய மரத்தின் தடித்த கிளையில் பாசி படிந்த குழிவு ஒன்றில் ஒரே ஒரு முட்டை. இது எங்கே முட்டையிடுகிறது என்பது வட அமெரிக்காவில் வெகுகாலம் யாருக்கும் தெரியாமல் இருந்து, 1974-இல் இதே பிக் பேசினில், கிளை வெட்ட மரத்தில் ஏறிய ஒரு தொழிலாளியின் கண்ணில் குஞ்சு பட்டது. தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கின்றன. குஞ்சு பொரிந்த பிறகு கடலிலிருந்து மீனைக் கவ்விக்கொண்டு காட்டுக்குப் பறக்கின்றன. நாங்கள் பகல் முழுக்கக் கால் வலிக்க நடந்த தூரம் அவற்றுக்குச் சில நிமிடம். இறகு முளைத்ததும் குஞ்சு ஒருநாள் தன்னந்தனியாகக் கடலை நோக்கிப் பறந்துவிடுகிறது. வழி காட்ட யாரும் இல்லை.

அந்த ஒற்றை முட்டையைத் தின்பவை ஜேயும் அண்டங்காக்கையும். மனிதர் உண்ணும் இடத்தில் தீனி கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டால் அவை அங்கேயே பெருகும், மீதி நேரத்தில் சுற்றியுள்ள கிளைகளைத் துழாவும். நான் போட்ட துண்டு எங்கே போய் முடியும் என்று அப்போதுதான் உறைத்தது. அன்று பெர்ரி கிரீக் அருவி எதிரே உட்கார்ந்து சாப்பிட்டபோது மடியில் துணி விரித்துக்கொண்டோம்.

2020 ஆகஸ்டில் மின்னலால் மூண்ட தீ அந்தப் பூங்காவில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. நாங்கள் கிளம்பிய இடத்தில் இருந்த பழைய மரக்கட்டடம் இப்போது இல்லை. ரெட்வுட் மரங்கள் பெரும்பாலும் பிழைத்துவிட்டன. கரி பிடித்த அடிமரத்திலிருந்தே பச்சைத் துளிர் விடும் குணம் அவற்றுக்கு. ஆனால் டக்ளஸ் ஃபிர் மரங்கள் ஏராளமாக மடிந்தன. முட்டை தாங்கும் அளவுக்குத் தடித்துப் பாசி படிந்த கிளை உருவாக நூற்றாண்டுகள் பிடிக்கும். மிச்சமிருக்கும் கிளைகளை நம்பித்தான் அந்தப் பறவை இன்னும் வருகிறது.

அடுத்த இணைப்பில் அந்தப் படத்துக்கு ஒரு சிறு விளக்கம் போடுங்கள், ஐயா. பறவைக்கு எதுவும் போட வேண்டாம், தின்பண்டத்தை மூடிவைத்துக்கொள்ளுங்கள், எழுந்திருக்கும்போது மேசையடியையும் ஒருமுறை குனிந்து பாருங்கள் என்று இரண்டு வரி இருந்தால் போதும்.

தங்கள் நீண்டநாள் வாசகி,
சான் ஹோசே, கலிஃபோர்னியா