காது அறுவை சிகிச்சை பில்லில் கிராஃப்டுக்கு இரட்டைக் கட்டணம்: திருத்தக் கோரிப் புகார்

அனுப்புநர்: நோயாளியின் குடும்பத்தார், சுங்கை சிப்புட், பேராக்
பெறுநர்: மேலாளர், பில்லிங் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் எங்கள் அப்பாவுக்குத் தங்கள் மருத்துவமனையில் வலது செவிப்பறை ஓட்டையை அடைக்க டிம்பனோபிளாஸ்டி செய்தார்கள். டாக்டரிடம் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பில்லில் மூன்று வரிகளை மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) நிறுவனம் ஏற்கவில்லை, ரி.ம. (மலேசிய ரிங்கிட்) 3,940 நாங்கள் கட்ட வேண்டியதாயிற்று. அறுவை அறிக்கையோடு ஒப்பிட்டால் அவர்கள் மறுத்ததில் தவறே இல்லை.

‘கிராஃப்ட் எடுத்தல்’, அதாவது ஓட்டையை அடைக்க ஒட்டும் திசுவை எடுத்ததற்கு, ரி.ம. 1,200. காதுக்குப் பின்னால் போட்ட கீறல் வழியாகத்தான் செவிப்பறைக்குப் போயிருக்கிறார்கள். அதே கீறலிலிருந்துதான் டெம்போராலிஸ் தசையின் மேலுறையான ஃபேசியாவையும் எடுத்திருக்கிறார்கள். அது டிம்பனோபிளாஸ்டியிலேயே அடங்கிய வேலை. காதுத் துளைக்கு முன்னாலுள்ள குருத்தெலும்பை வேறு கீறல் போட்டு எடுத்திருந்தால் தனிக் கட்டணம் பற்றிப் பேச இடமுண்டு. அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை.

இதைவிட மோசம், இம்ப்ளாண்ட் (உடலுக்குள் பொருத்தும் பொருள்கள்) பகுதியில் ‘கிராஃப்ட் 1’ என்று போட்ட ரி.ம. 2,100. அப்பாவின் தலையிலிருந்து எடுத்த திசுவை அப்பாவுக்கே விற்றதுபோல் இருக்கிறது. வெளியில் வாங்கிய பொருளென்றால் தயாரிப்புத் தொகுதியைக் காட்டும் லாட் எண் ஸ்டிக்கர் அறுவைக் குறிப்பில் ஒட்டியிருக்க வேண்டும், இல்லை. கிராஃப்டைத் தாங்கி நிற்க வைத்த ஜெலட்டின் பஞ்சுக்கு வேறு பகுதியில் ஏற்கெனவே விலை போட்டாயிற்று. 2006 தனியார் மருத்துவமனை விதிமுறைகளின் 13ஆம் அட்டவணை டாக்டர் கட்டணத்துக்குத்தான் உச்சவரம்பு வைக்கிறது, பொருள்களுக்கு அல்ல. கிராஃப்ட் ஏன் பொருள்கள் பக்கம் போனது என்று எழுத்தில் விளக்கம் வேண்டும்.

மூன்றாவது வரி, காதுக் கால்வாயை அகலப்படுத்திய கேனல்பிளாஸ்டிக்கு ரி.ம. 640. கிளைம் படிவத்தில் நீங்கள் போட்ட சிபிடி குறியீடு (எந்தச் சிகிச்சை என்று காட்டும் எண்) 69633. அது நடுக்காதின் சிற்றெலும்புச் சங்கிலியைச் செயற்கை உறுப்பு வைத்துச் சீரமைப்பதற்கானது. அறிக்கையோ மூன்று சிற்றெலும்புகளும் நன்றாக அசைகின்றன என்கிறது. பொருந்துவது 69631; கேனல்பிளாஸ்டியும் அடங்கும் என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. இது பணத்தோடு முடியும் விஷயமில்லை: காதில் செயற்கை உறுப்பு இருப்பதாகப் பதிவு நின்றுவிட்டால், நாளைக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போதெல்லாம் இல்லாத உறுப்புக்கு அப்பா விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே குறியீட்டை மாற்றித் திருத்திய பில்லைக் கார்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மருத்துவப் பதிவிலும் திருத்துங்கள். ரி.ம. 3,940ஐத் திருப்பித் தாருங்கள். இம்ப்ளாண்ட் பதிவேட்டில் அன்றைய பக்கத்தின் நகலும் வேண்டும். 14 நாளில் பதில் வராவிட்டால் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு இதே ஆவணங்களோடு எழுதுவோம்.

இணைப்பு: அறுவை அறிக்கை, பில், கிளைம் படிவம், கார்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதம்.

இப்படிக்கு,
நோயாளியின் குடும்பத்தார்