ட்ரெயிலர் ஓவனைப் பற்ற வைப்பது பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மே மாத விக்டோரியா டே நீண்ட வார இறுதியோடு ஒன்ராறியோவில் முகாம் காலம் களைகட்டிவிடும். அல்கோன்குவின், சாண்ட்பாங்ஸ், கில்பெயார் என்று ஒவ்வொரு மாகாணப் பூங்காவுக்கும் நாங்கள் வாடகைக்கு விடும் முகாம் ட்ரெயிலர்கள் ஒவ்வொன்றாகப் புறப்படும். போய்ச் சேர்ந்த முதல் இரவிலேயே எங்களுக்குத் தொலைபேசி வரும். “மேல் அடுப்பு எரியுது, ஓவன் மட்டும் பத்துதில்லை” என்பார்கள். அநேகமாக அந்த ஓவனில் ஒரு பழுதும் இருக்காது. குமிழைக் கொஞ்சம் முன்னதாகக் கைவிட்டிருப்பார்கள், அவ்வளவுதான். வீட்டில் மின்சார ஓவனில் பொத்தானை அழுத்திப் பழகியவர்களுக்கு, கையால் நெருப்பு வைக்கும் ஓவன் புதிதாகத்தான் இருக்கும். அதனால்தான் ட்ரெயிலரை எடுக்க வரும்முன் வீட்டிலிருந்தே ஆறுதலாகப் படிக்கட்டும் என்று இந்த மடலை எழுதுகிறோம்.

முதலில் வெளியே உள்ள புரோப்பேன் காஸ் சிலிண்டரிலிருந்து தொடங்குவோம். ட்ரெயிலரின் முன்பக்கத்தில், வாகனத்தோடு கொளுவும் இடத்துக்கு மேலே அது இருக்கும். உள்ளே அடுப்பு, ஓவன் எல்லாவற்றின் குமிழ்களும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, சிலிண்டரின் வால்வை மெதுவாகத் திறவுங்கள். இந்த ‘மெதுவாக’ முக்கியம். குழாய் வெடித்தால் காஸ் ஒரேயடியாகக் கொட்டாமல் தடுக்க ஒரு பாதுகாப்பு அமைப்பு வைத்திருக்கிறார்கள். வால்வைச் சடாரென்று திறந்தால், குழாய் உடைந்துவிட்டது என்று அது எடுத்துக்கொண்டு காஸின் அளவைக் குறைத்துவிடும். அப்புறம் அடுப்பு மினுக்கு மினுக்கென்று எரியும், ஓவன் பற்றவே பற்றாது. அப்படி நடந்தால் எல்லாவற்றையும் மூடி, இரண்டொரு நிமிடம் பொறுத்து, திரும்பவும் மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும்.

உள்ளே வந்ததும் ஒரு யன்னலையும் கூரையில் உள்ள காற்றுத் துவாரத்தையும் திறந்து வையுங்கள். பிறகு மேல் அடுப்பில் ஒன்றைப் பற்ற வையுங்கள். குளிர்காலம் முழுவதும் நின்ற வண்டியின் குழாய்களில் காற்று அடைந்திருக்கும். அந்தக் காற்று வெளியேறினால்தான் காஸ் வந்து சேரும். ஓவனின் பெரிய நெருப்பைப் பற்ற வைக்கும் சிறு சுடருக்குப் பைலட் என்று பெயர். அந்தப் பைலட் துவாரம் மிகச் சிறியது என்பதால் அதன் வழியாகக் காற்றை வெளியேற்ற நெடுநேரம் பிடிக்கும். மேல் அடுப்பு அதைச் சீக்கிரம் முடித்துவிடும். நீலச் சுடர் சீராக நின்று எரியும்போது காஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். அடுப்பை மூடிவிட்டு ஓவனுக்கு வரலாம்.

ஓவன் கதவைத் திறந்து, கம்பித் தட்டை வெளியே எடுத்துவிடுங்கள். அடியில் ஒரு உலோகத் தகடு தெரியும். அதன் கீழே முன்னிருந்து பின்னாக ஒரு குழாய் போகும். அதுதான் ஓவனின் நெருப்புக் குழாய். எங்கள் ட்ரெயிலர்களில் பைலட் அதன் பின்முனையில் இருக்கிறது. குசினி இழுப்பறையில் ஒரு டோர்ச்சும் நீண்ட மூக்குள்ள பாபிக்யூ லைட்டரும் வைத்திருக்கிறோம். நெருப்பு வைக்கும்முன் டோர்ச் அடித்து அந்த இடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய குழாய் முனையும், அதற்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் விரல் நுனி அளவான ஓர் உலோக முனையும் தெரியும். சிறிய நெருப்புக்குச்சியை வைத்துக்கொண்டு அந்த மூலைக்குக் கை எட்டாது, விரல்தான் சுடும்.

இனிப் பற்ற வைக்கும் முறை. முதலில் லைட்டரின் சுடரைப் பைலட் முனைக்குக் கொண்டுபோங்கள். சுடர் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றக் கையால் குமிழைப் பைலட் என்ற இடத்துக்குத் திருப்பி உள்ளே அமுக்க வேண்டும். நெருப்பு முன்னே, காஸ் பின்னே. இந்த ஒழுங்கு ஒருபோதும் மாறக் கூடாது. காஸைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடினால் அதற்குள் ஓவனுக்குள் காஸ் நிறைந்துவிடும். பிறகு நெருப்பைக் கொண்டுபோனால் முகத்துக்கு நேரே தீ சீறும். ஒருவர் பற்ற வைக்கும்போது பிள்ளைகளை வெளியே நிற்கச் சொல்லுங்கள். தலைமுடியைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். சால்வை, தாவணி எதுவும் தொங்கக் கூடாது.

சிறிய நீலச் சுடர் ஒன்று எழும். அதைக் கண்டவுடன் கையை எடுத்துவிடுவதுதான் எல்லோரும் செய்வது. எடுக்காதீர்கள். இன்னும் அரை நிமிடம் அமுக்கிப் பிடித்திருங்கள். காரணம் இதுதான். சுடருக்கு நேரே இருக்கும் அந்த உலோக முனையின் பெயர் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்தது. அது சூடாகும்போது மிகச் சிறிய மின்சாரம், ஒரு வோல்ட்டின் நூறில் சில பங்கு மட்டும், அதில் உண்டாகும். அந்தச் சிறு மின்சாரமே ஒரு காந்தத்தை இயக்கி, காஸ் வால்வைத் திறந்த நிலையில் பிடித்து வைக்கிறது. முனை சூடாகும்வரை அந்த வால்வைப் பிடித்திருப்பது உங்கள் கைதான். சூடாகும்முன் விட்டால் வால்வு மூடிக்கொள்ளும், சுடர் அணைந்துவிடும். ஓவன் பிழையாக நடந்துகொள்ளவில்லை. எங்கோ காற்றில் பைலட் அணைந்துபோனால் காஸ் ட்ரெயிலருக்குள் கசிந்துகொண்டே இருக்காமல் உங்களைக் காப்பதும் இதே அமைப்புத்தான். அந்த அரை நிமிடம் காத்திருப்பதை அலுப்பாக நினைக்காதீர்கள்.

மெதுவாகக் கையை எடுங்கள். சுடர் நின்றால் சரி. அணைந்தால் குமிழை மூடி, ஓவன் கதவைத் திறந்தபடியே ஐந்து நிமிடம் விடுங்கள். உடனே இரண்டாம் முறை முயலக் கூடாது. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. மேலே எழும்பிப் போகாது, அடியிலேயே தங்கும். அது கலைய நேரம் வேண்டும்.

பைலட் நின்றதும் குமிழை வேண்டிய வெப்பநிலைக்குத் திருப்புங்கள். ‘வூஃப்’ என்ற மெல்லிய சத்தத்தோடு குழாய் நெடுக நெருப்பு ஓடும். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். முகத்தை மட்டும் தள்ளி வைத்திருங்கள். நெருப்பு சீராக எரிவதைப் பார்த்த பிறகு கதவை மெல்லச் சாத்துங்கள். அறைந்து சாத்தினால் அந்தக் காற்றே பைலட்டை அணைத்துவிடும்.

பழைய ட்ரெயிலரைச் சொந்தமாக வாங்கி, பராமரிப்புக்கு மட்டும் எங்களிடம் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை. சில பழைய ஓவன்களில் குமிழை அமுக்க வேண்டியதில்லை. பைலட் என்ற இடத்துக்குத் திருப்பினாலே காஸ் வரும். வெப்பநிலையைத் திருப்பிய பிறகு பெரிய நெருப்பு வர அரை நிமிடம், ஒரு நிமிடம்கூட ஆகும். பற்றவில்லை என்று நினைத்துத் தலையை உள்ளே நீட்டி மறுபடியும் லைட்டரைக் கொண்டுபோகாதீர்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அத்துடன் இந்த வகையில் பைலட் அணைந்தால் அதன் காஸை நிறுத்த ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். சமைத்து முடிந்ததும் குமிழை முழுவதுமாக மூடிவிடுங்கள்.

நெருப்பு நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் காற்று போதவில்லை என்று பொருள். பல வேளைகளில் காரணம் சிலந்தி. காஸுக்கு மணம் கொடுக்கச் சேர்க்கும் மெர்காப்டன் வாடை சிலந்திகளை இழுக்கிறது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். எப்படியோ, நின்ற வண்டிகளின் குழாய்களுக்குள் அவை வலை கட்டிவிடுகின்றன. துவாரத்தை ஊசியால் குத்தாதீர்கள். துவாரம் பெருத்தால் காஸ் அளவுக்கு மிஞ்சி வரும். ஓவனை மூடிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். ஒன்ராறியோவில் காஸ் சாதனங்களில் கைவைக்க உரிமம் வேண்டும், எங்களிடம் அந்த உரிமம் உள்ள ஆள் இருக்கிறார்.

இனிச் சமையல். றோல்ஸ், பற்றிஸ், கோழி என்று நம் ஆட்கள் கொண்டுபோகும் எல்லாவற்றையும் இந்த ஓவனில் செய்யலாம். மின்சாரம் இல்லாத முகாம் இடத்திலும் இது எரியும், மைக்ரோவேவ் எரியாது. ஆனால் நெருப்பு அடியில் மட்டும்தான், அதுவும் மிகக் கிட்ட. அதனால் அடி கருகும், மேல் வேகாது. இதற்கு நாங்கள் கண்ட நல்ல வழி கல். ஒவ்வொரு ஓவனிலும் ஒரு பீட்சாக் கல்லை வைத்திருக்கிறோம். ஊரில் பாண் போறணையின் செங்கல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் சமமாகக் கொடுப்பதுபோல, இந்தக் கல்லும் செய்யும். கல்லைக் கம்பித் தட்டில் வைத்து, ஓவனை இருபது நிமிடம் சூடாக விட்டு, பிறகு பாத்திரத்தை வையுங்கள். பாதி நேரத்தில் பாத்திரத்தைத் திருப்பி வையுங்கள். குமிழில் 350 பாகை ஃபாரன்ஹீட் என்று இருப்பதை அப்படியே நம்பாமல், உள்ளே தொங்கும் வெப்பமானியைப் பாருங்கள். பாத்திரத்தைச் சுற்றிலும் வெப்பக் காற்று ஓட இடம் வேண்டும். வீட்டில் உள்ள பெரிய பேக்கிங் தட்டு இதற்குள் போகாது, வரும்முன் அளவைக் கேளுங்கள். கேக் செய்பவர்கள் முதலில் ட்ரெயிலரைச் சமமாக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கேக் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து வரும்.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறோம். ஓவனின் அடித் தகட்டை அலுமினியத் தாளால் மூடாதீர்கள். எண்ணெய் சிந்தாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடுதான் செய்கிறீர்கள், எங்களுக்கும் அது தெரியும். ஆனால் அந்தத் தகட்டின் ஓரத்துத் துவாரங்கள் வழியாகத்தான் காற்றும் வெப்பமும் போய்வருகின்றன. அவற்றை மூடினால் காஸ் முழுதாக எரியாமல் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உண்டாகும். ஒரு பங்கு புரோப்பேன் ஒழுங்காக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும். அந்தக் காற்றை ஓவன் எடுப்பது நீங்கள் மூச்சு விடும் அதே சிறிய அறையிலிருந்துதான். யன்னலைத் திறந்து வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

இதே காரணத்தால் குளிருக்கு ஓவனைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்துப் படுக்கவே கூடாது. மே மாத இரவில் அல்கோன்குவினில் நல்ல குளிர் இருக்கும், குழந்தைகள் நடுங்குவார்கள். அதற்குத்தான் ட்ரெயிலரில் ஹீட்டர் இருக்கிறது. அது எரிக்கும் காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியிலேயே விடுகிறது. ஓவன் அப்படி இல்லை. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காய்ச்சல் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் வந்தால் சாப்பாட்டில்தான் ஏதோ என்று நினைத்துக்கொண்டிருக்காமல் உடனே எல்லோரும் வெளியே வந்து 911ஐ அழையுங்கள். கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியைத் தூக்கம் கெடுகிறது என்று கழற்றி வைக்க வேண்டாம். நிலத்துக்குக் கிட்ட இருக்கும் காஸ் கசிவு எச்சரிக்கைக் கருவியின் முன்னால் பெட்டி, சப்பாத்து அடுக்க வேண்டாம். காஸ் கீழே தங்கும் என்பதால்தான் அதைக் கீழே பூட்டியிருக்கிறோம்.

காஸ் மணந்தால் எந்த மின்விசிறி, விளக்கு ஆளியையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கதவைத் திறந்து விட்டு எல்லோரும் இறங்குங்கள். வெளியே சிலிண்டரை மூடிவிட்டு, தள்ளி நின்று தொலைபேசி எடுங்கள்.

படுக்கும்முன் பைலட்டையும் சேர்த்து ஓவனை மூடிவிடுங்கள். வண்டியை நகர்த்தும்முன் சிலிண்டரை மூடுங்கள், பெட்ரோல் நிலையத்தில் நெருப்பு எதுவும் எரியக் கூடாது. ரொபமோரியிலிருந்து சீ-சீமோன் கப்பலில் மனிற்றூலின் தீவுக்குப் போகிறவர்களும் கப்பலில் ஏறும்முன் சிலிண்டரை மூடிவிடுங்கள்.

பெரிய சட்டியில் ஆட்டுக்கறி வைப்பவர்கள் அதை வெளி அடுப்பில் வையுங்கள். இரண்டு அடுப்பை மறைக்கும் சட்டியின் வெப்பம் கீழே திரும்பி அடுப்பின் மேல்தகட்டையும் குமிழ்களையும் கெடுக்கும். வெளி அடுப்பு கேட்டால் தருகிறோம், அதற்குத் தனிக் காசு இல்லை.

ட்ரெயிலரை எடுக்க வரும்போது சமைக்கப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வண்டி ஓட்டுபவர் மட்டும் வந்து காட்டியதைக் கேட்டுவிட்டுப் போனால், அங்கே அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கோ மாமிக்கோ அது போய்ச் சேர்வதில்லை. எங்கள் முன்னாலேயே அவர் கையால் ஓவனைப் பற்ற வைத்துப் பார்க்கட்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் பொறுமையாக நின்று காட்டுவோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் முற்றம் நிறைந்துவிடும். வியாழக்கிழமை வர முடிந்தால் ஆறுதலாக இருந்து பழகலாம், வெள்ளி காலையில் வண்டியைக் கொளுவிக்கொண்டு போவதுதான் மிச்சம்.

அன்புடன்,
ஸ்காபரோ ட்ரெயிலர் வாடகைக் கடையில் உள்ள நாங்கள்