ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஆன் பண்ணு

மாப்ளே,

வீட்டில் எல்லாரும் சுகம்தானே? இங்கும் நலம். எந்தக் கடிதத்துக்கும் பதில் போடாத ஆள் நீ. இதற்குப் போட்டே ஆக வேண்டும். அண்ணன் அச்சகத்தைக் காலி செய்கிறார். நம்ம பழைய மேக், அந்த ஆப்பிள் கம்ப்யூட்டர், இப்போது என் வீட்டில். அதன் இயங்குதளம் சிஸ்டம் 7.1 அப்படியே இருக்கிறது!

சுவிட்சைப் போட்டதும் திரையின் அடியில் இடமிருந்து வலமாக ஒவ்வொரு ஐகானாக வந்தது பார்! ஸ்கிரீன்சேவர் ஆஃப்டர் டார்க், மெனு பட்டியில் மணி காட்டும் சூப்பர்கிளாக், கடைசியில் எழுத்துகளைப் பிசிறில்லாமல் காட்டும் ஏடிஎம், அதாவது அடோபி டைப் மேனேஜர். ஏடிஎம் ஏன் எப்போதும் கடைசி என்று கேட்பாயே, பெயருக்கு முன்னால் இருக்கும் அந்த நெளிகோடு (~) தான் காரணம். சிஸ்டத்தோடு சேர்ந்து ஏறும் குட்டி நிரல்கள்தான் எக்ஸ்டென்ஷன்கள். முதலில் எக்ஸ்டென்ஷன் போல்டர், அப்புறம் கன்ட்ரோல் பேனல்கள், அதற்குள் அகர வரிசை. நெளிகோடு இசட்டுக்கும் பின்னால் நிற்கும். கடைசியாக ஏறுகிறவனிடம்தான் சிஸ்டத்தின் அழைப்பு முதலில் போகும்.

எல்லாமே சிஸ்டத்தின் அழைப்புகளை வழிமறித்து நடுவில் புகுந்துகொள்பவை. மெமரிக்கு வேலி கிடையாது. ஒன்று தப்பான இடத்தில் எழுதினால் மொத்த மெஷினும் போச்சு, திரையில் வெடிகுண்டுப் படம்தான். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஆன் பண்ணினால்தான் எதுவும் ஏறாமல் மெஷின் எழுந்திருக்கும். ராத்திரி அச்சுக்குப் போக வேண்டிய பக்கத்தை வைத்துக்கொண்டு பாதி எக்ஸ்டென்ஷன்களை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட், அப்புறம் அதில் பாதி என்று தேடுவோமே! சிலசமயம் அதற்கும் சிக்காது. தனித்தனியாக இரண்டும் சாது, சேர்ந்தால் அடிதடி.

இருந்தாலும் எனக்கு அந்தக் காலத்தின் மேல் கோபமே வரவில்லை. ஸ்டீவ் கிறிஸ்டென்சன் என்ற தனி ஆள் எழுதியது சூப்பர்கிளாக். 1994இல் சிஸ்டம் 7.5 வந்தபோது அதுவே மேக்கின் சொந்தக் கடிகாரமாகிவிட்டது. ஜன்னலைச் சுருட்டும் விண்டோஷேடும் அப்படித்தான் உள்ளே போனது. 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்து மெமரிக்கு வேலி போட்டது. தேவையான வேலிதான், மறுக்கவில்லை. ஆனால் நம் மெஷினை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் இடம் வருஷா வருஷம் சுருங்குகிறதே, அது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எந்த எக்ஸ்டென்ஷன்கள் மோதுகின்றன என்று தேடித்தரும் கான்ஃப்ளிக்ட் கேட்சர் பிளாப்பி உன்னிடம்தானே இருந்தது? பரணில் தேடு. மேக்கின் 800 கே டிஸ்க்கை சாதாரண பிசி டிரைவ் படிக்காது. அதில் போட்டுப் பார்த்துவிட்டு, கெட்டுப்போச்சு என்று குப்பையில் எறிந்துவிடாதே. அப்படியே கூரியரில் அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்