ஃபிட்ஸ்ராய் சாலை அலுவலகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

எக்ஸெட்டர் நகரிலுள்ள பிரிட்டன் வானிலை அலுவலகத்தாருக்கு,

வணக்கம். எங்கள் கடற்கரையில் இன்றும் 'மூன்றாம் எண் கூண்டு ஏத்தியாச்சு' என்று காதில் விழுந்தால் போதும், படகுகள் கரையிலேயே கிடக்கும். உங்கள் நாட்டுத் துறைமுகங்களில் 1861-இல் கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏற்றிப் புயலை அறிவிக்க வைத்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். அவர் பெயரை உங்கள் சாலைக்கு வைத்திருக்கிறீர்கள். கடல் வானிலை அறிவிப்பில் ஃபினிஸ்டர் என்றிருந்த கடற்பகுதிக்கும் 2002-இல் அதே பெயரை வைத்தீர்கள். சரிதான்.

ஆனால் அவர் கதையைச் சொல்பவர்கள் டார்வினை ஏற்றிக்கொண்டு அவர் கேப்டனாக ஓட்டிச் சென்ற பீகிள் கப்பலிலிருந்து நேராகப் பாரோமீட்டருக்கு, அதாவது புயலைக் கணிக்க உதவும் காற்றழுத்தமானிக்கு, தாவிவிடுகிறார்கள். நடுவில் அவர் நியூசிலாந்தின் ஆளுநராக இருந்தது 'தோல்வி' என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோகிறது.

அவர் அங்கே போய் இறங்கியது 1843 டிசம்பரில். அதற்கு ஆறு மாதம் முன்புதான் வைராவில் நிலத் தகராறு வெடித்திருந்தது. வெள்ளையரை அங்கே குடியேற்றிவந்த நியூசிலாந்து கம்பெனிக்காரர்கள் தங்களுக்கு விற்கப்படாத நிலத்தை அளக்கப் போனார்கள். தடுத்த, அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர் தே ரௌபராஹாவைப் பிடிக்க ஆயுதத்தோடு ஒரு கூட்டம் கிளம்பியது. குடியேறிகளில் 22 பேர் இறந்தார்கள், சிலர் சரணடைந்த பிறகு. பழிக்குப் பழி என்று வெள்ளையர் கொதித்தார்கள். 1844 பிப்ரவரியில் ஃபிட்ஸ்ராய் வைகனாய் என்ற ஊருக்குப் போய், தே ரௌபராஹா சொன்னதை மாவோரிகள் கூடியிருந்த சபையிலேயே கேட்டார். சரணடைந்தவர்களைக் கொன்றது கொடுமை, ஆனால் முதல் தப்பு வெள்ளையருடையது, பழி வாங்கமாட்டேன் என்று தீர்ப்புச் சொன்னார். தன் இனத்தாரே காறித் துப்புவார்கள் என்று தெரிந்தும் சொன்ன தீர்ப்பு அது.

அவரைப் புனிதராக்கச் சொல்லவில்லை. கஜானா காலி என்று அனுமதி இல்லாமல் கடன் பத்திரம் அச்சடித்தார். சுங்கவரியை எடுத்தார், அப்புறம் திரும்பப் போட்டார். மாவோரித் தலைவர் ஹோனே ஹேகே பிரிட்டிஷ் கொடிக்கம்பத்தை வெட்டியதும், 1845 மார்ச்சில் குடியேறிகளின் கொரோராரெகா ஊர் மாவோரிகளிடம் விழுந்ததும் அவர் காலத்தில்தான். அந்த ஆண்டே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1865-இல் அவர் போய்ச் சேர்ந்த விதத்தை இங்கே கிளறவில்லை.

நான் கேட்பது சின்னதுதான். உங்கள் வாசலில் அவருக்கு ஒரு பலகை வைத்தால், பீகிளுக்கும் புயல் எச்சரிக்கைக்கும் நடுவே ஒரு வரி சேருங்கள்: 'வைகனாய், பிப்ரவரி 1844.' அது என்ன என்று யாராவது கேட்டால் உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கூண்டு எண் கேட்டு வளர்ந்த ஒரு கடற்கரைக்காரன்