கடலுக்குப் போகிற எல்லாரும் ‘மீனவர்’ இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

படகு கவிழ்ந்தாலும் சரி, எல்லை தாண்டியதாகப் பிடிபட்டாலும் சரி, பத்திரிகைச் செய்தியில் எல்லாரும் ‘மீனவர்கள்’ ஆகிவிடுகிறார்கள். கப்பல் என்றால் எல்லாரும் ‘மாலுமிகள்’. திருகோணமலைத் திருக்கடலூரில் இருந்து பேப்பர் வாசிக்கிற எங்களுக்கு இது பெரிய குறை. யாருடைய படகு, ஓட்டினது யார், கூலிக்குப் போனது யார் என்றுதான் நாங்கள் முதலில் தேடுவோம், அது மாத்திரம் செய்தியில் இருக்காது.

வலையும் படகும் வைத்திருக்கிறவர் சம்மாட்டி, அவர் கடலில் கால் வைக்காமலே இருக்கலாம். பைபர் போட்டில் எஞ்சின் பிடிக்கிறவர் ஓட்டி. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இருந்து வாரக்கணக்கில் போகிற பலநாள் படகில் அந்தப் பொறுப்பில் இருப்பவரை ஸ்கிப்பர் என்கிறோம், அதற்குத் தனியாக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். இந்த வித்தியாசம் சட்டத்திலும் இருக்கிறது. பிடிபட்ட இந்திய ரோலர்களின் (இழுவைப் படகுகளின்) வழக்குகளில் ஓட்டிக்குச் சிறை, கூட வந்தவர்களுக்கு விடுதலை என்று எங்கள் நீதிமன்றங்களில் தீர்ப்பு வந்திருக்கிறது. அதைப் போய் ‘மீனவர்களுக்குச் சிறை’ என்று தலைப்புப் போட்டால் அக்கரையில் காத்திருக்கிற குடும்பங்கள் என்ன நினைக்கும்?

கரைவலையைப் பாருங்கள். வாடைக்காற்று ஓய்ந்த பிறகு சல்லி, நிலாவெளிப் பக்கம் இழுப்பு நடக்கும். தோணியில் வலையை ஏற்றிக்கொண்டு போய் அரைவட்டமாக வளைத்துப் போடுவார்கள். மண்டாடி கரையில் நின்று தண்ணீரில் எங்கே நிறம் கறுக்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கண் எடுக்காமல் பார்த்து, கையில் உள்ள துணியை வீசித் தோணிக்கு வழி காட்டுவார். பிறகு இரண்டு பக்கக் கயிறும் ஒரே அளவாகக் கரைக்கு வர வேண்டும், ஒரு பக்கம் முந்தினால் மீன் சேருகிற மடி சரிந்து மீன் வெளியே போய்விடும், அந்தக் கணக்கும் அவருடையதுதான். அவரைப் படம் பிடித்துப் போட்டுக் கீழே ‘மீனவர் ஒருவர்’ என்று எழுதினால் அவர் செய்கிற வேலையே படத்தில் இருந்து போய்விடுகிறது.

அப்புறம் கப்பல். மாலுமி என்ற சொல் அரபியின் முஅல்லிமில் இருந்து வந்தது. ஆசிரியர் என்று பொருள், கடலில் வழி தெரிந்தவரைத்தான் அப்படி அழைத்தார்கள். இப்போது இயந்திர அறையில் எண்ணெய் பார்ப்பவரும் மாலுமி, கடல் வரைபடத்தில் பாதை குறிக்கிற இரண்டாம் அதிகாரியும் மாலுமி. இதையாவது பொறுக்கலாம். சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டு வருகிற கப்பலை உள்ளே எடுக்க, வெளியே போய், ஆடுகிற சிறு படகில் இருந்து கயிற்று ஏணியைப் பிடித்து ஏறுகிற துறைமுகப் பைலட்டை ‘விமானி’ என்று மொழிபெயர்த்திருந்ததை நான் வாசித்தேன். துறைமுகம் இருக்கிற ஊருக்கு அந்தப் பேப்பர் வருகிறது!

தமிழில் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. உயர்ந்த மாடத்து விளக்கைப் பார்த்து வங்கத்தை, அதாவது கப்பலை, செலுத்துகிற நீகான் அகநானூறு 255ஆம் பாட்டிலேயே இருக்கிறான். கப்பலைச் செலுத்துபவருக்கு மீகாமன் இருக்கிறது, சுக்கான் பிடிப்பவருக்குச் சுக்கானி இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் போன நம்மவர்களின் தலைவரை வல்வெட்டித்துறை இன்றும் தண்டையல் என்றுதான் சொல்கிறது. பழைய சொற்களை எல்லாம் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஸ்கிப்பர் என்று நாங்கள் சொன்னால் ஸ்கிப்பர் என்றே போடுங்கள், ஓட்டி என்றால் ஓட்டி.

உங்கள் நிருபர்கள் கரைக்கு வரும்போது பெயர், வயது, ஊர் கேட்கிறார்கள். படகில் அவருக்கு என்ன வேலை என்றும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். முதலில் காணாமல் போனவர்கள் பற்றிய செய்திகளில் இதைத் தொடங்குங்கள். போனது ஓட்டியா, வலை இழுக்கப் போன பெடியனா என்று தெரிய, இப்போது நாங்கள் ஆளுக்கு ஆள் போன் எடுத்து விசாரிக்க வேண்டி இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருக்கடலூர், திருகோணமலை